உப்புக் கயிறு

பராவ் அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உப்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்தொன்பது வருஷமாகக் காம்போவின் நெஞ்சில் கிடந்து அறுப்பது அதுதான்.

குத்துச்சண்டைக் களத்தின் நடுவில், இரண்டு ஊர் ஜனம் சுற்றி நிற்க, காம்போ தன் கையில் கட்டிவிட்ட கயிற்றைப் பராவ் பல்லால் கடித்து அவிழ்த்தான். அவிழ்த்ததைச் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். ஏன் அவிழ்த்தான், அதில் என்னத்தைக் கண்டான் என்று ஒருத்தனிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் ஜனம் சும்மா இருக்குமா? தானே ஒன்றை நினைத்துக்கொண்டது. கயிற்றில் கண்ணாடித் தூள் என்று முடிவு கட்டியது. பொழுது சாய்வதற்குள் காம்போ, 'கண்ணாடிக் காம்போ' ஆகிவிட்டான். இன்றைக்கும் எங்கள் கரின்டாவா சந்தையில் வெறும் காம்போ என்று கேட்டால் எந்தக் காம்போ என்பார்கள்.

இருவரும் கசாப்புக்காரர்கள். எதிரெதிர்க் கடை. டம்பே என்கிற குத்துச்சண்டை எங்கள் பக்கத்தில் கசாப்புக்காரர் வீட்டுச் சொத்து. கம்பும் சோளமும் அறுவடையானால் ஊர் ஊராகப் போய், மேளக்காரன் ஓயாமல் அடிக்க, களம் இறங்குவார்கள். ஒரு கைதான் அடிக்கும். அந்தக் கையில் துணி சுற்றி, அதன் மேல் பருத்திக் கயிற்றை முடிச்சு முடிச்சாக இறுக்கிக் கட்டியிருக்கும். மற்றக் கை விரித்தபடி முன்னால் நீண்டு தடுக்கும். கையோ முட்டியோ முதுகோ தரையில் பட்டால் தீர்ந்தது. 'செத்தான்' என்று கத்துவார்கள். செத்தவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துபோய்க் கம்பங்கூழ் குடிப்பான்.

பராவ் அறுப்புக்கூடத்துக்குப் பின்சந்தில் பிறந்தவன். அப்பன் மாடு அறுத்தான், அம்மா குடலைப் பொரித்து விற்றாள். குள்ளம், அகலமான முதுகு, பேச்சு மெதுவாக வரும். ஒரு கேள்வி கேட்டால் அவன் பதில் சொல்வதற்குள் ஒரு கோலாக்கொட்டையை மென்று முடித்துவிடலாம். களத்தில் மட்டும் அந்த மந்தம் கிடையாது. அவன் அடி எங்கிருந்து கிளம்பியது என்று வாங்கியவனுக்கே தெரியாது.

அவனுக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை, வேறு யாரும் அப்படிச் செய்ததும் இல்லை. ஒருவனைச் 'சாகடித்த' மறுநாள் காலை அவன் வீட்டுக்கு அரைக் கிலோ ஈரல் அனுப்புவான். தாடை வீங்கினவன் கறியை எப்படி மெல்லுவான், ஈரல் என்றால் இறங்கும் என்பது கணக்கு. பராவின் பெண்டாட்டி டெலு சத்தம் போடுவாள்.

"நீங்க ஜெயிக்க ஜெயிக்க நம்ம கடையில ஈரலே மிஞ்ச மாட்டேங்குது. ஒரு தடவை தோத்துத் தொலைங்களேன், நம்ம வீட்லயும் சாப்பிடலாம்."

ஒருமுறை பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன், பராவின் அம்மா விற்கிற குடலைப் பற்றிக் களத்திலேயே அசிங்கமாகப் பேசிவிட்டான். பராவின் காது சிவந்தது. இன்றைக்கு இவன் தலை தனியாகப் போகும் என்று ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. பராவோ கட்டிய கையோடு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டான். மூன்று வாரம் களம் இறங்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்றார்கள். காம்போவே கேட்டான்.

"ஏண்ணே, அவன் அப்படிப் பேசறான், நீங்க வந்து உக்காந்துக்கிட்டீங்க?"

"மிரண்ட மாட்டை அறுத்தா கறி கறுத்துப்போகுதா இல்லையா?"

"போகுது."

"அறுக்கறவன் மிரண்டிருந்தா?"

நாலாவது வாரம் போய் அதே ஆளை இரண்டே அடியில் தரைக்கு அனுப்பினான். மறுநாள் ஈரலும் போயிற்று.

இன்னொரு பழக்கம்தான் காம்போவைக் கவிழ்த்தது. கயிறு கட்டி முடிந்ததும், நடுவர் கூப்பிடுவதற்கு முன்னால், அந்த முஷ்டியைப் பராவ் தன் கன்னத்தில் ஒருமுறை அழுத்தித் தேய்த்துக்கொள்வான். "என் தோலு தாங்கறதை அவன் தோலு தாங்கும்" என்பான். அவ்வளவுதான் அவன் மந்திரம். மற்றவர்கள் தாயத்து, வேர், மந்திரித்த தண்ணீர் என்று அலைவார்கள்.

பதினோரு வருஷம் அந்தக் கையைக் கட்டியவன் காம்போ. மணிக்கட்டில் மூன்று சுற்று, கட்டைவிரல் அடியில் சிறிது இளக்கம், முட்டிகளின் மேல் வரிசையாக முடிச்சு. விரல் மரத்தாலும் குற்றம், கயிறு நழுவினாலும் குற்றம், எலும்பு முறிந்தால் கட்டினவன் ஊரை விட்டே போகலாம். பதினோரு வருஷத்தில் பராவுக்கு ஒரு விரல் கூடப் பிசகியதில்லை. கட்டும்போது பராவ் கையைப் பார்க்கவே மாட்டான். அண்ணாந்து பார்த்து, போகிற வருகிறவனோடு பேசிக்கொண்டிருப்பான். காம்போவுக்கு அதில் உள்ளுக்குள் பெருமை.

அந்த வருஷம் சரியா என்கிற ஊரிலிருந்து லபாரான் என்பவன் வருவதாக இருந்தது. பராவை விட ஒரு தலை உயரம். அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயசு, பராவுக்கு முப்பத்தொன்பது. சண்டைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அறுப்புக்கூடத்தில் ஒரு காளை கயிற்றை வெட்டி இழுத்ததில் பராவின் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. வெளியே சொல்லவில்லை. ஆனால் கத்தி பிடிக்கிற விதத்தில் காம்போ கண்டுபிடித்துவிட்டான். இந்தக் கையோடு போனால் லபாரான் அண்ணன் மண்டையைப் பிளந்துவிடுவான் என்று அவனுக்குத் தூக்கமே போயிற்று.

யாரையும் கேட்கவில்லை. மாட்டுக்கு நக்க வைக்கிற பாறை உப்பை இடித்து, தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, கயிற்றை அதில் ஊறப் போட்டான். பகலில் தகரக் கூரையில் காயவைத்தான். மூன்று நாள் இதே வேலை. காய்ந்தபோது கயிறு எலும்பு மாதிரி இருந்தது. லேசாகக் கசக்கி, மேலே மாவைத் தடவி, பார்வைக்குப் பழைய கயிறு போல ஆக்கிவிட்டான். வலிக்கிற கைக்கு ஒரு பக்கபலம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

களத்தில் பராவ் வழக்கம்போல அண்ணாந்து பேசிக்கொண்டிருந்தான். காம்போ கட்டி முடித்தான். பராவ் முஷ்டியைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தான். மூன்று கோடு சிவப்பாகக் கிளம்பி ரத்தம் துளிர்த்தது. உப்பு வேறு எரிந்திருக்கும். அப்படியே நின்றான். காம்போவைப் பார்க்கக்கூட இல்லை. முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தான்.

ரத்தத்தை ஜனம் பார்த்துவிட்டது. போன வருஷம்தான் வேறொரு சந்தையில் கயிற்றில் பிசினும் கண்ணாடியும் பூசியிருந்ததில் ஒருத்தன் கண் போயிருந்தது. அந்தச் சூடு யாருக்கும் ஆறவில்லை. "கண்ணாடி, கண்ணாடி" என்று கூட்டத்தில் ஒரு வாய் தொடங்கியது, நூறு வாய் ஏற்றுக்கொண்டது.

பராவ் வெறுங்கையோடு எதிர்ப்பக்கம் நடந்தான். அங்கே லபாரானுக்குக் கை கட்டுகிற மைகாரி நின்றான். எங்கள் கானோ பக்கத்து ஆளும் சரியா பக்கத்து ஆளும் பார்த்துக்கொண்டால் ஒருத்தனை ஒருத்தன் அடிமை என்று கேலி பண்ணுவது பாட்டன் காலத்து உரிமை. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"மைகாரி, என் கையைக் கட்டிவிடு" என்றான் பராவ்.

மைகாரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "என் அடிமைக்குக் கட்டிவிட நான் இல்லாம வேற யாரு இருக்கா? நீட்டு. ஆனா ஒண்ணு, தோத்தா என் கட்டுல குத்தம் சொல்லக் கூடாது."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா நீ எனக்கு அடிமையா இருக்கற லட்சணம் அதுன்னு சொல்லிக்குவேன்."

கூட்டம் சிரித்தது. காம்போ ஒருத்தன்தான் சிரிக்கவில்லை. காலியான கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். மைகாரி நேர்மையாகத்தான் கட்டினான், அதையும் சொல்லியாக வேண்டும். முதல் சுற்றில் யாரும் விழவில்லை. இரண்டாவது சுற்றில் பராவின் மணிக்கட்டு மடங்கியது. அதைப் பார்த்துவிட்ட லபாரான் காதோரம் ஒன்று வைத்தான். பராவ் நாலு காலில் நின்றான். 'செத்தான்.'

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் தோல் பதனிடுகிறவர்களின் குழிகள் இருக்கின்றன. பராவ் நின்று, பையிலிருந்த கயிற்றை எடுத்து ஒரு குழிக்குள் போட்டான். அந்த நாற்றத்துக்குள் விழுந்தது விழுந்ததுதான். பின்னாலேயே வந்த காம்போ, "அண்ணே" என்றான்.

"கை வலிக்குதுடா. நான் வீட்டுக்குப் போறேன்" என்றான் பராவ். அதற்கு மேல் அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

காம்போ செய்த இரண்டாவது தப்பு அன்றைக்கே நடந்தது. தேநீர்க் கடையில் நாலு பேர் மடக்கிக் கேட்டபோது, "நான் ஒண்ணுமே போடலை" என்று சத்தியம் பண்ணிவிட்டான். கன்னத்தில் ரத்தத்தைப் பார்த்தவர்களிடம் ஒன்றுமே போடவில்லை என்றால் யார் நம்புவார்கள்? "கயிறு எங்கேடா, காட்டு" என்றார்கள். கயிறு குழிக்குள் இருந்தது. மறுநாள் உப்பு என்று சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால், நேற்றுப் பண்ணியது பொய்ச்சத்தியம் என்று ஆகும். விழுங்கிவிட்டான். அப்புறம் நாள் ஆக ஆக அது இன்னும் கஷ்டமாகிவிட்டது. பராவ் ஒருத்தனுக்குத்தான் உண்மை தெரியும். அவன் சொன்னால் ஊர் கேட்கும். அவன் என்றைக்காவது சொல்லுவான் என்று காம்போ காத்திருந்தான்.

அதற்குப் பிறகு கயிறு கட்ட யாரும் அவனிடம் கை நீட்டவில்லை. மூத்த மகளுக்கு வந்த ஒரு சம்பந்தம், "எந்தக் காம்போ? கண்ணாடியா?" என்ற ஒரு கேள்வியில் நின்றுபோயிற்று. பிறகு வேறு இடத்தில் அவள் நல்லபடியாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்ட மாமன்காரன் முகம் காம்போவுக்கு இன்னும் மறக்கவில்லை. எதிர்க் கடையில் பராவ். பெருநாள் வந்தால் கறி அனுப்புவான், காம்போவும் திருப்பி அனுப்புவான். மாட்டு விலை பேசுவார்கள், கத்தி தீட்டுகிறவன் வந்தானா என்று கேட்டுக்கொள்வார்கள். அண்ணே என்று மட்டும் காம்போ அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

பராவ் இரண்டு வருஷம் கழித்துச் சண்டையை விட்டான். கரின்டாவா களத்துக்கு அவனைப் பெரியவனாக உட்கார வைத்தார்கள். அறுவடைக் காலத்தில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கவிழ்த்த உரலின் மேல் உட்காருவான். எவனாக இருந்தாலும் கட்டிய முஷ்டியைத் தன் கன்னத்திலேயே நாலு பேர் பார்க்கத் தேய்த்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெரிய பெரிய ஊர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தார்கள். பதினேழு வருஷத்தில் அந்தக் களத்தில் பல் போயிருக்கிறது, மூக்கு உடைந்திருக்கிறது. ஒரு கண் போனதில்லை.

போன மழைக்காலத்தில் பராவின் வயிறு உப்ப ஆரம்பித்தது. கானோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இந்த அறுவடைக்கு உரல் காலியாகக் கிடந்தது. முதல் வெள்ளிக்கிழமையே ஒருத்தன் காது கிழிந்து தொங்கியது. கன்னத்தில் தேய்க்கும்போது வழவழப்பாக இருந்து, வேர்வை பட்டால் இறுகிக்கொள்கிற ஏதோ பிசின் என்றார்கள். எது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் டெலு காம்போவின் கடைக்கு வந்து நின்றாள்.

"அவரு கூப்பிடறாரு."

"கறி ஏதும் வேணுமா அண்ணி?"

"கறிக்கு எங்க கடை இல்லையா? உங்களைத்தான் கேக்கறாரு. கையைக் கழுவிட்டு வாங்க, ரத்த வாடை இப்ப அவருக்கு ஒத்துக்கறதில்லை."

ரத்த வாடை பராவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டதும்தான் காம்போவுக்கு விஷயம் உறைத்தது. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினான்.

பராவ் பாயில் சுவரோரம் சாய்ந்திருந்தான். அகலமான முதுகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வயிறு மட்டும் இருந்தது. பக்கத்தில் மோர் ஊற்றிய கம்புக் கரைசல் அப்படியே இருந்தது.

"உக்காரு. மைகாரி காலையில வந்துட்டுப் போனான்" என்றான் பராவ்.

"சரியாவுல இருந்தா வந்தான்?"

"ம். என்னைக் கேக்காம சாகறதுக்கு உனக்கு எவன் அனுமதி குடுத்தான்னு சண்டை. என் அடிமை செத்தா அடக்கச் செலவு யாரு பாக்கறதுன்னு இவகிட்ட வேற கேட்டுட்டான்."

"கேட்டுட்டு வாசல்ல நின்னு அழுதாரு" என்றாள் டெலு, கரைசலை எடுத்துக்கொண்டு போகும்போது.

காம்போவுக்கு இனிமேல் கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று தெரிந்தது.

"உப்புன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"நக்கிப் பாத்தேனே."

"அப்பறம் ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை. பத்தொன்பது வருஷமா நான் கண்ணாடிக் காம்போ. எம்பொண்ணு சம்பந்தம் போச்சு. நீங்க எதுத்தாப்புல உக்காந்து எலும்பு வெட்டிக்கிட்டு இருந்தீங்க."

பராவ் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டான்.

"உப்புன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? சிரிச்சிருப்பாங்க. உப்புத்தானேன்னு விட்டுருப்பாங்க. அடுத்த வாரம் ஒவ்வொருத்தன் வீட்டுக் கூரையிலயும் கயிறு காஞ்சிருக்கும். அடுத்த வருஷம் உப்புல மணலு. அதுக்கடுத்து நெசமாவே கண்ணாடி. ஜனம் தானா கண்ணாடின்னுச்சு. பயந்துச்சு. பயப்படட்டும்னு விட்டேன்."

"என் பேரை வெச்சா?"

"உன் பேரை வெச்சுத்தான்."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேக்கலை." மூச்சு வாங்கிக்கொண்டான். "கேட்டிருக்கணும். அது நான் பண்ணுன தப்பு. மத்ததெல்லாம் சரியாத்தான் பண்ணினேன், அது ஒண்ணு தப்பு. தெனமும் எதுத்தாப்புல உன் மூஞ்சியைப் பாத்தப்பெல்லாம் தெரியும். இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு கடையைச் சாத்திட்டுப் போயிருவேன்."

காம்போவுக்கு இதற்குப் பதிலாக என்னென்னவோ தயாராக இருந்தது. பத்தொன்பது வருஷமாகச் சேர்த்து வைத்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டான்.

"இப்பச் சொல்லுங்க. பள்ளிவாசல் ஆளுங்களைக் கூட்டியாறேன். நாலு பேர் முன்னால சொல்லுங்க."

"நான் சொன்னா, சாகப்போறவன் பழைய கூட்டாளிக்குப் பரிஞ்சு பேசறான்னுவாங்க. செத்த மறுநாளே மறந்துருவாங்க." பராவ் கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தான். "நீ இதுவரைக்கும் யார்கிட்டயாவது சொன்னியாடா? உப்புப் போட்டேன்னு?"

காம்போ பாயின் ஓரத்து நாரைப் பிய்த்தான்.

"உன் பெண்டாட்டிகிட்ட?"

"இல்லை."

"பாரு. என் வாய்க்காகவே உக்காந்திருந்திருக்கே."

"சத்தியம் பண்ணிட்டேன். ஒண்ணும் போடலைன்னு. எப்படி மாத்தறது?"

"பண்ணது பொய்ச்சத்தியம்னு சொல்லு. அதையும் சேத்துச் சொல்றவனைத்தான் நம்புவாங்க. உப்புன்னு மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்க."

வெளியே டெலு யாரையோ ஆட்டை விரட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். பராவ் கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தான். காம்போ பிடித்துச் சுவரோடு சாய்த்தான். அந்தக் கை இப்போது ஒரு பிடிகூட இல்லை.

"காது கிழிஞ்சுதாமே. கேள்விப்பட்டியா?"

"ம். அது வேலம்பிசினும் மெழுகும்" என்றான் காம்போ யோசிக்காமல். "மேல மெழுகைத் தேச்சுட்டா கன்னத்துல உறுத்தாது. சூடேறினா மெழுகு வழிஞ்சுரும், கீழ பிசின் நிக்கும். நகத்தால முடிச்சுக்கு அடியில கீறினாத் தெரிஞ்சுரும்."

"பாத்தியா நீ?"

"பாக்கலை. பாக்கணுமா என்ன?"

பராவ் சிரித்தான். சிரிப்பில் வயிறு வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்துக்கொண்டான். "பதினேழு வருஷமா நான் கன்னத்தை வெச்சுச் சமாளிச்சேன். இனிமே கன்னம் பத்தாது. கெடுக்கறது எப்படின்னு தெரிஞ்ச கை ஒண்ணு வேணும். உன் கையை விட்டா இந்த ஊர்ல வேற கை இல்லை."

"கண்ணாடிக் காம்போகிட்ட எவன் கையை நீட்டுவான்?"

"கண்ணாடிக் காம்போகிட்ட நீட்ட மாட்டான். அதுக்குத்தான் சொல்றேன்."

பராவ் காம்போவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பிடியில் பலம் இல்லை, ஆனால் விடவும் இல்லை.

"நாளைக்குத் தொழுகை முடிஞ்சதும் களத்துக்கு நடுவுல போயி நில்லு. அன்னைக்கு என்ன போட்டே, எதுக்குப் போட்டே, என்னன்னு பொய்ச்சத்தியம் பண்ணுனே, எல்லாத்தையும் சொல்லு. சிரிப்பாங்க, ஏசுவாங்க, எவனாவது எச்சி துப்புவான், நின்னுக்க. அப்பறம் ரெண்டு பக்கத்துக் கையையும் நீயே கீறிப் பாத்து உள்ள விடு. உள்ளூர்க்காரன் கைன்னு பாக்காதே. அப்பறம் காம்போ, பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த மேளக்காரன்கிட்டப் போயி நிறுத்தச் சொல்லு. அவன் பாதியில நிறுத்த மாட்டான், கையைப் பிடிச்சுக்க."